செல்வி அன்று காட்டிய வேகம்

நீங்கள் இறந்தபின் திறக்காமலே கிடந்த உங்கள் அலமாரியைத் துடைக்கப் போன செல்வி, உள்ளே ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். போன மாதம் வீட்டு வேலைக்குச் சேர்ந்தவள், ஒத்தக்கடைக்காரி. "இத எனக்குத் தெரியும்மா. சார் இதோடதான் எங்க லைன்ல வந்து நிப்பாரு."

உங்கள் கம்பெனியில் கார் கதவு ரப்பரின் பிசிறை நறுக்கும் லைன். வேலை நேரம் அளக்க நீங்கள் வந்து நின்றால் பெண்கள் வேண்டுமென்றே கையை மெதுவாக்குவார்கள் என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நீங்கள் அளக்கும் நேரம்தானே பிறகு எல்லோருக்கும் விதி. செல்வி மட்டும் மெதுவாக்கவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல்னதும் லீவு குடுத்த மனுசன். அவரு முன்னால போயி நடிக்கிறதான்னு கை கடகடன்னு ஓடிருச்சும்மா."

அவளை அளந்த அன்று மாலை காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். "ஒருத்தி வேகத்த எல்லாருக்கும் வைக்கிறது சரியா?" என்றீர்கள். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "ஒருத்தியால முடிஞ்சா எல்லாராலயும் முடியும். சாக்குச் சொல்ல விடாதீங்க." வகுப்பில் தினமும் சொல்வதுதான். அவள் வேகத்தையே எல்லோருக்கும் வைத்தீர்கள். கம்பெனி உங்களைப் பாராட்டியபோது தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன்.

ஐந்து பேர் செய்த வேலைக்கு மூன்று பேர் போதும் என்று இரண்டு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒருத்தி செல்வியின் சொந்த அக்கா. "'எஞ்சோத்துல நீதான்டி மண்ணள்ளிப் போட்ட'ன்னா. அன்னையிலருந்து பேச்சில்ல."

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் வருந்துவேன் என்றா, வருந்த மாட்டேன் என்றா?

அன்று நான் சொன்னதைச் செல்வியிடம் சொல்லிவிட்டேன். பிழிந்த துணியையே மறுபடி மறுபடி பிழிந்தாள். "அப்ப தப்பு எம்மேல மட்டும் இல்லையா?" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "அக்கா கொட்டாம்பட்டிலதான் இருக்கா. அவகிட்ட வந்து இதச் சொல்லுவீங்களாம்மா?"

தவறு என்னுடையது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்கூட.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் செல்வியும் பஸ் ஏறுகிறோம். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். நான்கு முறை எழுதி அடித்தபின் மிஞ்சியது இவ்வளவுதான்: "கேட்டது அவர். சொன்னது நான். உன் தங்கை எங்களை நம்பினாள், அவ்வளவே." உங்கள் பங்கையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.