விளிம்பில் ஒரு செம்பட்டை முடி

நவம்பர் 18, செவ்வாய்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினான்கு வருடம். மனிதர்களிடம் சொல்லத் துணிவில்லாததால் முதலில் இந்த நோட்டிடம் சொல்கிறேன்.

வெர்னுவா நிறுவனத்தின் ஒவ்வொரு உடைக் காட்சியிலும் நாற்காலிக்கு ஒன்றாக ஒரு தாள் வைப்பார்கள். "இந்தப் பருவத்தில் வெர்னுவா காற்றோடு உரையாடுகிறது" என்கிற ரகம். அதை எழுதுவது நான். கீழே யார் பெயரும் இருக்காது; நிறுவனமே வாய் திறந்து பேசுவதாக ஐதீகம். பாரிஸில் வரலாற்றுக்கு டாக்டர் பட்டம் வாங்கியவன் காற்றோடு உரையாடிப் பிழைக்கிறேன்.

இன்று காலை எங்கள் கலை இயக்குநர் கயெத்தான் புதிய தொகுப்பை அறிவித்தான். முன்னோடிப் பெண்களும் கைவினையும். விமானம் ஓட்டிய ஒருத்தி, ஆல்ப்ஸ் ஏறிய ஒருத்தி, கடலடிக்குப் போன ஒருத்தி. இவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் காட்சிக்கு அழைக்கலாமே என்றேன்.

"வேண்டாம் செல்லம். உயிரோட இருக்கறவங்க கருத்து சொல்லுவாங்க."

அவனுக்கு முப்பத்தாறு வயது. எனக்கு ஐம்பத்து மூன்று. யாரைப் பார்த்தாலும் செல்லம்தான். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சிரமம் இல்லை.

நவம்பர் 20

காட்சியின் கடைசி உடை முடிவாகிவிட்டது: 1962இன் மணப்பெண் கோட்டு, புதிதாக. தோளில் தையலே இல்லாத கோட்டு. முதுகும் கையும் ஒரே துணியில் ஓடும். நிறுவனர் ஆர்மான் வெர்னுவா தையற்காரர்களோடு சண்டை போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, மூன்றே நாளில் தன் கையால் வெட்டித் தைத்தார் என்பது புராணம். மனிதர் ஒரு பொத்தான் தைத்துப் பார்த்தவர்கூட இல்லை. ஆனால் நிறுவனத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் அப்படி எழுதியது நான்தான். அந்த "மூன்று நாள்" என் சொந்தச் சரக்கு. இரண்டு நம்பும்படி இல்லை, நான்கு சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

நவம்பர் 25

புனித கத்தரீன் நாள். இருபத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத பெண்கள் பச்சையும் மஞ்சளுமாகத் தொப்பி போட்டு ஆடினார்கள். தையற்கூடத் தலைவி ஒடிலுக்கு ஐம்பத்தெட்டு. முப்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய தன் தொப்பியை விடாமல் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். என்னைப் பார்த்ததும், "டாக்டரே, குனிஞ்சு அந்தக் குண்டூசியப் பொறுக்குங்க. படிச்ச படிப்புக்கு ஒரு உபயோகம் வேணாமா?" என்றாள். கூடமே சிரித்தது.

மறக்காமல் குறித்து வைக்கிறேன். பொறுக்கினேன் என்பதையும்.

நவம்பர் 27

அளவெடுப்பதற்காகப் பழைய கோட்டின் விளிம்பைப் பிரித்தாள் ஒடில். பழைய உடைகளை வைத்திருக்கும் காப்பறையின் சாவியும் என்னிடமே என்பதால் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மடிப்புக்குள் ஒரு தலைமுடி. முழங்கை நீளம். செம்பட்டை. நுனியில் முடிச்சு.

தவறி விழுந்ததல்ல. கல்யாண உடை தைக்கிற பெண், தனக்கும் சீக்கிரம் மாப்பிள்ளை அமையட்டும் என்று தன் முடி ஒன்றை விளிம்புக்குள் வைத்துத் தைப்பாள். இன்றும் செய்கிறார்கள். கேட்டால் இல்லவே இல்லை என்பார்கள்.

சுவரில் நிறுவனரின் படம். முப்பது வயதிலிருந்தே தலை, தோலுரித்த அவித்த முட்டை.

ஒடில் முட்டையையும் முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரியவருக்கு மாப்பிள்ள தேடற ஆச வேற இருந்திருக்கு."

சிரித்து ஓய்ந்தபின் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சொலாஞ்ஜ் மெரியோ. ஆண்கள் மட்டும் மேசைமேல் சம்மணம் போட்டுத் தைத்த கோட்டுப் பிரிவுக்குள் கத்தரிக்கோலோடு நுழைந்த முதல் பெண். வயது அப்போது இருபத்து மூன்று. நிறுவனர் அந்த வாரம் பித்தப்பைக் கல்லோடு ஏதோ வெந்நீர் ஊற்று ஊரில் கிடந்தார். வெட்டியதும் தைத்ததும் சொலாஞ்ஜ். ஒடில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் கூடத்தின் தலைவி. இப்போது எண்பத்தாறு, பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில் தங்கையோடு இருக்கிறார்.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டேன். ஆகவில்லையாம்.

"ஒரு பேரு, டாக்டரே. நாற்காலித் தாள்ல ஒரே ஒரு வரி. அவங்க கண்ண மூடறதுக்குள்ள."

சரி என்றேன்.

டிசம்பர் 9

எழுதினேன். "இந்தக் கோட்டை வெட்டியவர் சொலாஞ்ஜ் மெரியோ." பதினான்கு வருடத்தில் நான் எழுதிய, காற்று இல்லாத முதல் வரி.

கயெத்தான் அதன்மேல் பென்சிலை ஓட்டினான். நிறுவனரின் கதையில் கை வைக்கக்கூடாதாம். எங்கள் சென்ட்டே அந்தக் கதையை வைத்துத்தான் விற்கிறதாம். அடித்த இடத்தில் அவனே ஒரு வரி சேர்த்தான்: "பெயரற்ற கைகளுக்கு எங்கள் அஞ்சலி."

பெயரற்ற! பெயர் இருக்கிறது. முகவரி இருக்கிறது. எந்த மெட்ரோவில் ஏறி எங்கே இறங்கவேண்டும் என்பதுகூடத் தெரியும்.

நான் என்ன சொன்னேன்? "அழகா இருக்கு" என்றேன். ஏன்டா? உனக்கெல்லாம் எதுக்குடா ஒரு வாய்?

டிசம்பர் 11

ஒடில் இன்று என்னை, யாரோ ஓர் அந்நியரை அழைப்பதுபோல், "மொஸியே" என்றாள். டாக்டரே என்று சொல்லவில்லை. தரையில் குண்டூசி கிடந்தது. அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 2

கயெத்தானின் புத்தாண்டு வாழ்த்து. "நம் குழுவுக்கு." வாழ்த்திலும் எனக்குப் பெயர் இல்லை.

ஜனவரி 10, சனி

மோந்த்ரே போய் வந்தேன். நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், ஒடில் முகவரி கொடுத்தாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். மூன்று அரசர் திருநாள் கேக்கை வெட்டி வைத்தார்கள். சொலாஞ்ஜுக்குத் தலையில் எண்ணிவிடும் அளவுக்கு வெள்ளை இழைகள். விளிம்பில் கிடைத்ததைச் சொன்னேன்.

"என் முடியா? அப்ப திருப்பிக் குடுங்க. இப்பதான் தேவப்படுது."

தோள் தையல் இல்லாத அந்த வெட்டு எப்படித் தோன்றியது என்று, டாக்டர் பட்டத்துக்குரிய குரலில் கேட்டேன்.

"எங்க தோணிச்சு? பதினோரு ஆம்பளைங்க, எப்படா இவ தப்பு பண்ணுவான்னு சுத்தி நிக்கறாங்க. முதுகையும் கையையும் ஒட்டி வரைஞ்சிருந்தேன். அந்தப் பதட்டத்துல நடுவுல வெட்ட மறந்துட்டேன். தப்புன்னு ஒத்துக்கிட்டா பொம்பளைங்க தைக்கற கீழ் மாடிக்கே திருப்பி அனுப்பிருவாங்க. அதனால, இதுதான் புது வெட்டு, உங்களுக்குப் புரியாதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தனும் வாயத் தெறக்கல."

அடுக்களையிலிருந்து தங்கை போலெத் குரல் கொடுத்தார். "ஆரம்பிச்சுட்டா. அறுபது வருஷமா இதே பாட்டு."

பிறகு ஒரு புத்தகத்தோடு வந்தார். எங்கள் புத்தகம். பக்கம் தானாகவே விரிந்தது, அத்தனை முறை பிரித்திருக்கிறார்கள். "நீங்களே பாருங்க, மொஸியே. முதலாளி கதவச் சாத்திக்கிட்டு மூணு நாள்ல தச்சாருன்னு அச்சுல இருக்கு. நிறுவனமே சொல்லுது. இவ என்னமோ…"

சொலாஞ்ஜ் கேக் துணுக்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள். என் மூன்று நாள். ஒரு கிழவியை அவள் வீட்டு அடுக்களையிலேயே பொய்க்காரி ஆக்கியிருக்கிறது. எழுதியது நான்தான் என்று சொன்னேனா? இல்லை. புத்தகத்தில் என் பெயர் இல்லாததற்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். கேக் அருமை என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காட்சி முடிந்தது. கடைசியாகக் கோட்டு வந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். கயெத்தான் நெஞ்சில் கை வைத்து, பெயரற்ற கைகளை நோக்கி ஒரு முத்தத்தைக் காற்றில் பறக்கவிட்டான். முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். திரைக்குப் பின்னால் பெயருள்ள பத்துப் பெண்கள், வாயில் ஊசியோடு முழங்காலில் இருந்தார்கள்.

பழைய கோட்டைக் காப்பறைக்குத் திருப்பிக் கொடுக்க ஒடில் வந்தாள். விளிம்பை மூடித் தைத்திருந்தாள். முடி உள்ளேதான் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பின்ன? அவங்களுக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலையே."

மொஸியே என்றும் சொல்லவில்லை, டாக்டரே என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 28

எழுதிவிட்டேன். நாற்காலித் தாளுக்கு உரிய அதே கனத்த காகிதம், அதே எழுத்து. தலைப்பு: திருத்தம். சொலாஞ்ஜ் மெரியோ, 1962, பதினோரு ஆண்கள், மறந்துபோன வெட்டு, பித்தப்பைக் கல், முட்டைத் தலை, செம்பட்டை முடி. மூன்று நாள் கதை கற்பனை என்று கடைசி வரி. முப்பது உறைகள் பத்திரிகைகளுக்கு. ஒன்று மோந்த்ரேக்கு, போலெத் பெயருக்கு. சொலாஞ்ஜுக்கு அனுப்புவானேன்? அவருக்குத் தெரியும்.

முதலில் கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயர், பட்டம், பதினான்கு வருடம் — பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடம் இருந்ததால் கயெத்தானைப் பற்றி ஒரு பத்தி. அப்புறம் எனக்கு வராமல் போன பதவி உயர்வு பற்றி ஒன்று. படித்துப் பார்த்தால் சொலாஞ்ஜ் ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தார். கிழித்தேன்.

மொட்டைக் கடிதாசி கோழை வேலை என்பார்கள். இருக்கட்டும். என் பெயரைப் பார்த்தால் கயெத்தான் "பாவம், கசந்துபோன மனுஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அதில் பொய்யும் இல்லை.

நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் மஞ்சள் தபால் பெட்டியில் போடுகிறேன். கையெழுத்து இல்லாமல். இத்தனை வருடம் போலெத் என் பொய்யை நம்பியதே, கீழே யார் பெயரும் இல்லாமல் நிறுவனமே பேசியதாக நினைத்ததால்தானே.