வெட்டி எறிந்த மூன்று வாரக் குளிர்

ஜனவரி 4
பேராசிரியர் கொஸ்தாகே என் கணக்கிலிருந்து மூன்று வாரக் குளிரை வெட்டி எறிந்துவிட்டார்.

டிசம்பரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வெடித்து எங்கள் குடியிருப்பு மூன்று வாரம் கணப்பில்லாமல் கிடந்தது. கான்கிரீட் சுவரின் ஆழத்தில் அந்தக் குளிர் இன்னும் இருக்கிறது. சாதாரண வகைக்கெழு இந்தக் கணத்தை மட்டும் பார்க்கும். நான் போட்ட அரைவரிசை வகைக்கெழு கடந்த நாட்கள் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வரும். அதற்காகத்தானே அதைப் படித்தேன்? அவர் கடைசி ஐந்து நாட்களை மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது வளைவு சொல்கிறது: இரவில் வெந்நீர் வால்வை மூடினாலும் வீடுகள் குளிராது. வெந்நீர் அனுப்பும் வெப்ப நிறுவனம் கேட்டதும் இதைத்தான்.

ஜனவரி 5
பாதிரியார் வந்து வீடு வீடாகப் புனித நீர் தெளித்துவிட்டுப் போனார். "தெளிச்ச தண்ணி சுவத்துலயே உறைஞ்சிரும் போலடி ஒதீலியா, பாத்தியா?" என்று அக்கா லவீனியா சிரித்தாள். மடியில் அவள் மகன் மத்தேய், பிறந்து ஆறு வாரம். மூக்கு நுனி சிவந்திருந்தது.

ஜனவரி 8
ஆய்வறையில் எல்லார் முன்னாலும், ஏன் வெட்டினார் என்று கொஸ்தாகேயிடம் நேராகவே கேட்டேன்.

"பழசையெல்லாம் சுமந்தா கம்ப்யூட்டர் நாள்கணக்கா ஓடும்மா. தூரத்து நாளோட எடை சின்னது. எல்லாரும் விடுறதுதான்."

"ஒவ்வொண்ணும் சின்னதுதான் சார். மொத்தமா கூட்டினா?"

"உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, கணப்பு வேணுமா?"

அறையே சிரித்தது. அவர் வீட்டில் சொந்தக் கொதிகலன்.

ஜனவரி 11
மாடிப்படிக் கதவில் அறிவிப்பு. இன்று முதல் இரவில் வால்வு மூடப்படும் — பல்கலைக்கழக ஆய்வின்படி.

ஜனவரி 13
விடியும்போது தொட்டிலருகே பதினோரு டிகிரி. வெட்டாத என் கணக்கும் பதினொன்றுதான் சொன்னது. சரியாச் சொல்லி என்னத்தக் கிழிச்சேன்?

அக்கா அடுப்பை எரியவிட்டு, சமையலறையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "அந்த ஆய்வுல உன் பேரும் இருக்காடி?"

இருக்கிறது. அவருக்கு அடுத்து. "எடுக்கச் சொல்லிட்டேன்க்கா."

"பேரை எடுத்தா வீடு சூடாயிருமா?"

ஜனவரி 16
மத்தேய் ஆஸ்பத்திரியில். நிமோனியா. அக்கா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 19
தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு கொஸ்தாகே அந்த வளைவைக் காட்டினார். இனி மற்ற குடியிருப்புகளிலும் இரவில் மூடலாமாம். கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியில் மத்தேய் மூக்கில் குழாயோடு கிடக்கிறான், இங்கே கைதட்டுகிறார்கள். எழுந்தேன்.

"சார், வெட்டின மூணு வாரத்தைத் திரும்பப் போடுங்க. இவங்க முன்னாடியே ஒரு தடவை கணக்கை ஓட்டிக் காட்டுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ காபி வந்துவிட்டது என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

"ஓட்டிக் காட்டுங்க சார்."