தையல்நாயகி என்கிற பேர்

திண்டிவனம்
12.2.1986

அன்புள்ள தங்கச்சி தையலுக்கு,

உன் ஓரகத்தி கெங்கம்மாள் எழுதுவது. இங்கே இருக்கிறோம், சுகம் என்று சொல்ல முடியாது. நீயாவது நன்றாக இருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே என்று நினைப்பாய். நீயும்தான் எழுதவில்லை.

இப்பவும் விஷயம் என்னவென்றால், நம்ம தையல்நாயகி ஸ்டோர்ஸை மூடுகிறோம். பூ வேலை நூல், கம்பளி, பாசி, லேஸ் எதுவும் போகவில்லை. எதிரில் நீ கடை போட்ட பிறகு வாடிக்கை எல்லாம் ரோட்டைத் தாண்டிவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான். உங்க மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்து மாத்திரை சாப்பிடுகிறார்.

கடையின் பேரை மட்டும் விலைக்குக் கேட்டுப் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆள் வந்து போனான். விழுப்புரத்தில் லில்லி லேஸ் கடை நொடித்தபோதும், பண்ருட்டியில் ராணி கம்பளிக் கடை நொடித்தபோதும் நீ அந்தப் பேர்களை வாங்கி உன் சரக்கில் போட்டு விற்கிறாய் என்று கேள்விப்பட்டோம். வெளி ஆளுக்குப் போவதைவிட இதுவும் உன்னிடமே வரட்டும் என்பது மாமாவின் எண்ணம். பேரை எடுத்துக்கொண்டு, அவரை உன் திண்டிவனம் கடைக் கல்லாவில் உட்கார வைத்தால் போதும் என்கிறார். உனக்கும் பெரியவர் ஒருத்தர் இருந்தால் மரியாதை. பழசை மனதில் வைக்காதே.

உன் நலம் கோரும் அக்கா,
கெங்கம்மாள்


விழுப்புரம்
21.2.1986

அக்காவுக்கு,

தையல்நாயகியின் வணக்கம். கடிதம் கிடைத்தது. மாமாவை உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழசை மனதில் வைக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ள வேறு என்ன கொடுத்து அனுப்பினீர்கள்? துணியில் தைப்பதற்கு நான் வரைந்து போட்ட பூ வேலைப் படங்களை நம்பி என் வீட்டுக்காரர் அந்தக் கடையைத் தொடங்கினார். அதனால் என் பேரையே வைத்தார். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவருடைய அண்ணனான மாமா என் துணிப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என்னை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "உங்க அம்மா வீட்டாண்ட போய் இரும்மா. கடைய நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். அந்தப் பெட்டிதான் என் பங்கு.

இங்கே என் பேரைப் போட்டுக் கடை திறந்தேன். மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பேர் மாமா பதிவு செய்ததாம், நான் போடக் கூடாதாம். என்னைப் பெற்றவர்கள் எனக்கு வைத்த பேர். கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறி, படங்கள் எல்லாம் நீங்கள் போட்டவை, எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்று சொன்னீர்கள். என் பக்கம் திரும்பாமல் சொன்னீர்கள்.

தீர்ப்பான அன்று போர்டில் என் பேர்மேல் நீலப் பெயிண்ட் அடித்தேன். அதிலிருந்து ஜனங்கள் நீல போர்டு கடை என்கிறார்கள். இப்போது நான்கு ஊரில் நீல போர்டு இருக்கிறது. திண்டிவனத்தில் உங்கள் எதிரே இடம் கிடைக்க மூன்று வருஷம் காத்திருந்தேன். வாங்கின விலைக்கே கம்பளி விற்றேன். அது வியாபாரத்துக்காக இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

பேரை வாங்கிக்கொள்கிறேன். மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடவே தருகிறேன். ஆனால் அந்தப் பேரில் இதுவரை வந்த படங்கள் அத்தனையும் பத்திரத்தில் சேர வேண்டும். போர்டை மாமா தன் கையால், கடைவீதியில் கூட்டம் இருக்கிற நேரத்தில் கழற்ற வேண்டும். பஸ்ஸில் போட்டுத் தானே இங்கே கொண்டு வர வேண்டும். கூலி ஆள் கூடாது. கல்லாவில் இடம் இல்லை.

தையல்நாயகி


மயிலம்
9.3.1986

தையலு,

போன கடிதம் அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினது. இது நானாக எழுதுவது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து, இங்கே போஸ்டாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே. உன் திண்டிவனம் கடை வரிசையில் குடியிருக்கிற பாக்கியமேரி டீச்சர் விலாசத்துக்குப் போடு, அவர் என் கையில் கொடுத்துவிடுவார்.

உன் கடிதத்தை அவரே உரக்கப் படித்தார். கல்லாவில் இடம் இல்லை என்ற வரி வந்ததும் மடித்து வைத்துவிட்டார். இரண்டு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளினார். மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார், புதுச்சேரிக்காரன் திரும்பி வரவில்லை. நீ இளகிவிடாதே. உன் எதிரில் நின்று அழுதாலும் அழுவார், அது அவருக்கு நன்றாக வரும். போர்டைக் கழற்றும்போது நான் ஏணியைப் பிடிக்கப் போவதில்லை.

கோர்ட்டில் நான் சொன்னது பொய். சொல்லாவிட்டால் என்னையும் பிறந்த ஊர் முகையூருக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பிள்ளை இல்லாதவள், அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும். கேஸ் ஜெயித்து வீட்டுக்கு வந்ததும் பென்சிலைத் தூக்கி என் மடியில் போட்டு, "நான்தான் போட்டேன்னு சொன்னியே, இனிமே போடு" என்றார்.

உன் பழைய படங்களின் மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து வரைந்து வரைந்து பழகினேன். விரல் மரத்துப் போகும். இரண்டு வருஷத்தில் கை வந்துவிட்டது. மல்லாட்டைக் கொடி பார்டர், கேப்பைக் கதிர், மழைக் குருவி எல்லாம் நான் போட்டவை. அனந்தபுரம் வரைக்கும் பெண்கள் தலையணை உறையில் அவற்றைத்தான் தைக்கிறார்கள். அத்தனையிலும் உன் பேர். மூலையில் சின்னதாக என் பேரையும் போடுங்களேன் என்று ஒருநாள் கேட்டேன். "உன் பேருக்கு யாரு வாங்குவா" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே சிரித்தார்.

நீ அந்தப் படங்களைப் புத்தகமாக அச்சடிப்பாய் என்று தெரியும். என் படம் இருக்கிற பக்கத்தில் கெங்கம்மாள் என்று போடு. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா


விழுப்புரம்
6.4.1986

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். போர்டு பஸ்ஸுக்குள் நுழையாமல் மேலே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். கடையில் நல்ல கூட்டம். கடைப் பெண்கள் இறக்கிவிட ஓடினார்கள். வேண்டாம் என்றேன், அவரே இறக்கினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, "செத்த உக்காரட்டுமாம்மா" என்றார்.

"பஸ்ஸு போயிடும் மாமா" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நீங்கள் எழுதியது போல அழவில்லை. அன்று என்னை ஏற்றிவிட்டது போல அவரையும் பஸ்ஸுக்கு அனுப்புகிற அந்த ஒரு வார்த்தையை எட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்த அளவுக்கு இனித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போர்டைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன்.

இனி உங்கள் விஷயம். உங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நன்றாக இருக்கின்றன. மழைக் குருவியின் இறக்கை எனக்கு அவ்வளவு லேசாக வந்திருக்காது. அதனால் புத்தகத்தின் அட்டையிலேயே அதை வைக்கிறேன். பேர் தையல்நாயகி என்றுதான் இருக்கும். மூலையில்கூட வேறு பேர் இருக்காது.

மாமாவுக்குப் பயந்து சொன்னேன் என்கிறீர்கள். பயந்தவள் சொல்லிக் கொடுத்ததோடு நிறுத்துவாள். எனக்கு நூல் கோக்கத் தெரியாது என்பது மாமா சொல்லிக் கொடுத்ததாக இருக்காது. அவருக்கு ஊசிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. அது நீங்களாகச் சேர்த்தது. என் படங்களை நீங்கள் வாயால் வாங்கினீர்கள், உங்கள் படங்களை நான் பத்திரத்தில் வாங்கியிருக்கிறேன். யாராவது கேட்டால், அத்தனையும் நான் போட்டது என்பேன். அன்று கோர்ட்டில் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியட்டும்.

தையல்நாயகி


திண்டிவனம்
27.6.1986

நீல போர்டு கடை முதலாளி அம்மாளுக்கு,

கெங்கம்மாள் எழுதுவது. உங்கள் கடிதம் அப்போதே வந்தது. பதில் எழுத நேரம் இல்லை.

கோர்ட்டில் அந்த வார்த்தையை நானாகச் சேர்த்தேன் என்பது நிஜம். கொழுந்தனார் எதற்கெடுத்தாலும் உங்கள் கையைப் புகழ்வார், எனக்கு எரியும். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நேரில் வர இருந்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை.

புத்தகத்தை இங்கே உங்கள் கடையிலேயே காசு கொடுத்து வாங்கினேன். அச்சு நன்றாக வந்திருக்கிறது. மழைக் குருவிக்குப் பச்சை நூல் என்று போட்டிருக்கிறீர்கள். அது சாம்பல் நிறம். போட்டவளுக்குத்தான் அது தெரியும்.

நீங்கள் வாங்கியது பழைய படங்களைத்தான். ஏப்ரலிலிருந்து புதிதாக நாற்பத்தொரு படம் போட்டிருக்கிறேன். அவர் வாசலில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களிடம் உங்களைத் திட்டிக்கினு இருக்கிறார். இந்த விஷயத்தில் அவரை நான் எதுவும் கேட்கவில்லை. என் தாலிச் சரடு தவிர இருந்ததை எல்லாம் விற்று, பாக்கியமேரி டீச்சர் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்துவிட்டேன். உங்கள் கடைக்கு இரண்டு கதவு தள்ளி. கெங்கம்மாள் பூ வேலைக் கடை. ஒன்றாம் தேதி திறப்பு.

உங்கள் திண்டிவனம் கடையில் இருக்கும் குப்பம்மாளும் இருதயசெல்வியும் அன்றிலிருந்து என்னிடம் வேலைக்கு வருகிறார்கள். உங்களிடம் சொல்ல அவர்களுக்குப் பயமாக இருக்கிறதாம். நானே தெரிவித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீ. கெங்கம்மாள்