கறுப்புக் கண்ணாடி

பாப்பாவின் அப்பாவுக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி, உங்களோடு வேலை செய்யும் வேடியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மலையில் நல்ல மழை.

பாப்பாவுக்கு வந்தது அம்மை இல்லையாம், கரப்பானாம். நாம் வேப்பிலையில் படுக்கவைத்ததில்தான் புண் அதிகமானது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னார். அவள் ராத்திரியெல்லாம் சொறிந்து அழுததைத் தாங்காமல்தான் நீங்கள் போனீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புண் ஆற அவள் உடம்புக்கு லைட் வெளிச்சம் வைத்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி மாட்டி, பீரோ மாதிரி ஒரு பெட்டிக்குள் தனியாக நிறுத்துவார்கள். முதல் நாள் பயந்துபோய் உள்ளேயிருந்து கத்தினாள்.

"எம்மா, அப்பாவும் வந்துகீதா?"

"வெளியதான் நிக்கறாரு. நீ அழாத" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றியதும், இப்போதுதான் வேலைக்குப் போனார் என்பேன்.

தோல் ஆறிவிட்டது. இன்றோடு லைட் முடிந்தது. பெட்டியைத் திறந்து கண்ணாடியைக் கழற்றப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. கழட்டுனா அப்பா பூடும்."

பாப்பாவின் அம்மா