ஆணிக்கும் கத்துகிற மெஷின்

கடலூர்
மார்கழி 6

அன்புள்ள மகன் செந்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. இங்கே வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்கத் தில்லையம்மன் துணை. போனில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் அக்கா மகள் வினோதினி சிதம்பரத்தில் கல்லு மண்ணு படிப்பில் வகுப்புக்கே முதலாக வந்திருக்கிறாள். அவள் தம்பி அருண்குமாருக்கு நெய்வேலியில் அப்ரண்டிஸ் கிடைத்துவிட்டது. உன் மகள் பிரீதா ஓட்டத்தில் கப்பு வாங்கியதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், உன் அப்பாவிடம்தான் சொல்ல முடியாமல் போயிற்று.

அவர் காரியத்துக்கு உனக்கு லீவு தரவில்லை, அதை விடு. ஸ்ரீமுஷ்ணம் முந்திரித்தோப்பில் நெருப்பாக ஒன்று விழுந்ததைப் பார்த்தேன் என்று அவர் சாகிற வரைக்கும் சொன்னார். கெழவருக்குக் கண்ணு போயிடுச்சு என்று ஊரே சிரித்தது. நீ ஒருத்தன்தான் அது விண்கல், மாசியில் வந்து தேடி எடுக்கிறேன், மெட்டல் டிடெக்டர் வாங்கி வை என்றாய். முப்பதாம் நாள் கும்பிட்டபிறகு வினோதினியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் ராஜமாணிக்கம் ஒன்றை எடுத்து வைத்து, இது ஆணி தகரத்துக்கெல்லாம் கத்தாதும்மா, தங்கத்துக்குத்தான் கத்தும் என்றார். இவள், விண்கல்லுல இரும்புதான் மாமா ஜாஸ்தி, ஆணிக்கும் கத்துறதா குடுங்க என்றாள். தங்கத்த வுட்டுட்டு ஆணி பொறுக்கப் போறீங்களா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. அந்தத் தோப்புச் செம்மண்ணிலும் இரும்பு இருக்கிறதாம், மண்ணைப் பார்த்தே சில மெஷின் கத்துமாம், வினோதினி சொன்னாள். தோப்பு மண்ணைப் பையில் கொண்டுபோயிருந்தாள், கடைக்குள்ளேயே கொட்டிவிட்டாள். அவர் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மண்ணுக்குச் சும்மா இருந்து ஆணிக்கு மட்டும் கத்தியதை எடுத்தோம்.

நீங்களும் புடிச்சிப் பாருங்கம்மா, மேல இருக்கற நகையெல்லாம் கழட்டிட்டுப் புடிங்க என்றார். நான் பழக்கத்தில் குனிந்து மெட்டியைக் கழற்றக் கால்விரலைத் தொட்டுவிட்டேன். வெறும் விரல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெஷினைப் பிடித்தேன், கத்தவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. இதுவரைக்கும் வரவில்லை. பில் போடச் சொன்னேன்.

தோப்புக்காரர் சுப்பிரமணியன், மாசியில மரம் பூத்திருக்கும், ஆள் நடமாடுனா பூ கொட்டிடும், உள்ள வுட மாட்டேன், தையிலயே வரச் சொல்லுங்க என்கிறார். அதற்குத் தகுந்த மாதிரி லீவு கேள். உன் அப்பா பொய் சொன்னதாக இந்த ஊர் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. நோய் நொடி இல்லாமல் நூறு வயசுக்கு இரு.

அங்கேயே மொட்டை அடித்துக்கொண்டேன் என்றாய். முடி வளர்வதற்குள் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. அப்பாவுக்காக நீ மொட்டை போட்டதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
தி. சிவகாமியம்மாள்