ஏழாம் நம்பர் அறைக் கதவு

11 நவம்பர், செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வண்டி கிளம்ப ஆறு உதை. கானாடுகாத்தான் ஓட்டலில் வேலை. ஈரத்துக்கு ஊதிய குளியலறைக் கதவுகள் மூன்று: அறை 3, 7, 12. பழைய வீட்டுக் கதவு ஒன்றுகூட ஊதவில்லை. அதெல்லாம் தேக்கு. வீட்டை ஓட்டலாக்கும்போது அவசரத்துக்கு மாமரப் பலகை அடித்தார்கள். மா தண்ணீரைக் கண்டாலே ஊதும், என் மாமனார் பந்தியைக் கண்ட மாதிரி.

ஓட்டல் மேனேஜர் சொன்னது: "ஆசாரி, ஏழாம் நம்பரை நாளைக்குள்ள முடிச்சிருங்க. வியாழக்கிழமை பெரிய ஆளு வர்றாரு. டிவில ஃபுட்பால் பேசுவாருல்ல, வின்சென்ட்."

"எந்த வின்சென்ட்?"

"கோவா டீமுக்குக் கோச்சா இருந்தாரே, அவருதான்."

காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ரொம்ப நேரம் ஆனது. முழங்கால் அப்படி. ஆனால் மனசு எகிறிக் குதித்தது.

சாயங்காலம் பழைய பட்டியலைப் புதுப் பக்கத்தில் எழுதினேன். பழைய பக்கத்தில் சாம்பார்.

என் மகன் சரவணனுக்குக் கெடுதல் செய்தவர்கள்:

1. சென்னை. "உயரம் பத்தாது" என்ற செலக்டர். அவனுக்குப் பதிலாக எடுத்த பையன் அவனைவிட ஒரு விரற்கடை குட்டை.
2. கொல்கத்தா. இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார வைத்த ஆள். பெஞ்சு செய்பவன் மகன் என்று தெரிந்திருக்கும்.
3. ஷில்லாங். காய்ச்சலோடு ஆடச் சொன்ன டாக்டர்.
4. கோவா. வின்சென்ட்.
5. கோழிக்கோடு. "இனி வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர். அதுவும் கைகூப்பும் பொம்மை போட்டு.
6. பெங்களூரு. ஆள் யார் என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

பதினாலு வருடம் ஃபுட்பால், ஆறு ஊர். அவன் ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று வருகிறவனை எல்லாம் மறிக்கிறவன். மறித்தால் யாரும் பேர் சொல்வதில்லை. ஒரு தடவை தவறவிட்டால் ஊரே பேர் சொல்லும். எனக்கு ஆஃப்சைடு இன்னும் புரியவில்லை. கோபம் மட்டும் நன்றாகப் புரியும்.

12 நவம்பர், புதன்

மழை விட்டது. வெயில் கொஞ்சம். ஏழாம் நம்பர் கதவு முடித்தேன்.

4ஆம் நம்பர் குற்றத்தை முழுசாக எழுதி வைக்கிறேன், பிற்பாடு மறந்துவிடக் கூடாது. (மறக்கவா போகிறேன்.) மூன்று வருடம் முன்னால் செமி ஃபைனல். சரவணனுக்குக் கணுக்கால் வீக்கம். வின்சென்ட் ஊசி போட்டு இறக்கினார். கடைசி ஐந்து நிமிடம், எவனோ அடித்த பந்து இவன் காலில் பட்டு நம் கோலுக்குள்ளேயே போனது. ஆட்டம் முடிந்து மைக்கைப் பிடித்து வின்சென்ட் சொன்னார்: "அவனுக்கு ரெண்டும் மரக்கால். அப்பா கார்பெண்டராம், அவரே செஞ்சு குடுத்திருப்பாரு." பக்கத்தில் எல்லாரும் சிரிப்பு. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் டீக்கடையில்: "ஆசாரி, மகனுக்குக் காலு எந்த மரத்துல செஞ்சீக?"

"தேக்கு" என்றேன். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு நல்ல பலகையை எடுத்து, அது காகிதமாகும் வரை இழைத்தேன்.

இன்று செய்தது. எட்டு நூல் ஓர் அங்குலம். கதவு ஓரத்தில் இரண்டு நூல் இழைக்க வேண்டும். ஒரு நூல்தான் இழைத்தேன். காய்ந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி சாத்தும். இரண்டு தடவை வெந்நீர் ஆவி பட்டால் நிலையோடு இறுகிவிடும். கதவு உள்பக்கமாக இழுத்துத் திறப்பது. அதனால் உள் கைப்பிடிக்கு நாலு திருகாணிக்குப் பதில் ஒன்று.

மேனேஜர் சாத்திப் பார்த்தார். "உங்க கை வேலையே தனி ஆசாரி."

வீட்டில் சரவணன் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். முப்பத்திரண்டு வயது. இந்த வருடம் எந்த கிளப்பும் எடுக்கவில்லை. போன் அடித்தால் எடுக்குமுன் சட்டையைச் சரி செய்கிறான். கேரளாவில் ஒரு கிளப் யோசிக்கிறதாம், ஒரு வருடத்துக்கு. பழைய கோச் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எடுப்பார்களாம். அது இல்லையென்றால் இத்தோடு ஆட்டம் முடிந்தது என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

என் வீட்டுக்காரி பாக்கியம் என்னிடம்: "என்னங்க, ஒரு மாதிரி தனியாச் சிரிச்சுக்கிட்டு இருக்கீக?"

"வாயு."

13 நவம்பர், வியாழன்

மேகம். வின்சென்ட் வந்தாயிற்று. 12ஆம் நம்பர் கதவை இழைத்துக்கொண்டே பார்த்தேன். டிவியில் தெரிவதைவிடக் குட்டை. இலையில் வெள்ளைப் பணியாரம் எட்டு. எண்ணினேன். சட்னி இரண்டு தடவை. சாப்பிடட்டும்.

சாயங்காலம் குளித்திருக்கிறார். கதவு திறந்துகொண்டது. ஒரு தடவை ஆவி ஆச்சு.

சரவணன்: "நாளைக்குக் காலைல ஒரு ஆளைப் பார்க்கணும்ப்பா. கேரளா விசயமா."

"யாரு?"

"உங்களுக்குத் தெரியாது."

வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்தான்.

14 நவம்பர், வெள்ளி

நல்ல மழை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பதரை. ஏழாம் நம்பரிலிருந்து தட்டும் சத்தம். மேனேஜர் ஓடி வந்தார். "ஆசாரி, கைப்பிடி கையோட வந்துருச்சாம். உள்ள மாட்டிக்கிட்டாரு." நான் மெதுவாக எழுந்தேன். உளியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"யாருங்க வெளிய?"

"ஆசாரி சார்."

"சீக்கிரம் திறங்க. பத்து மணிக்கு ஒருத்தர் என்னைப் பார்க்க வர்றாரு."

"மரம் ஊதியிருக்கு சார். அவசரப்பட்டா நிலை கெட்டுரும்."

கொட்டாப்புளி மரச்சுத்தியால் சும்மா இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. டீ வந்தது. குடித்தேன். உள்ளே தும்மல்.

"சார் ஃபுட்பாலா?"

"ஆமாங்க. கதவு."

"எங்க ஊருப் பையன் ஒருத்தன் உங்கட்ட ஆடினான். சரவணன். ஸ்டாப்பர்."

"எந்த சரவணன்?"

"கோவால. செமி ஃபைனல்ல சேம் சைடு கோலு. மரக்காலுன்னு சொன்னீகளே சார், டிவில."

உள்ளே இன்னொரு தும்மல். பிறகு: "ஞாபகம் இல்லைங்க. எவ்வளவோ பேரு ஆடினாங்க. எவ்வளவோ பேசியிருப்பேன். நீங்க கதவைப் பாருங்க."

மூன்று வருடம். ஒரு நாள் விடாமல் நான் சுமந்தது. இந்த ஆளுக்கு ஞாபகமே இல்லை. உளியைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு மணி நேரம் உள்ளேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்தபோது பின்னால் குரல்.

"தள்ளுங்கப்பா."

சரவணன். வெள்ளைச் சட்டை. பத்து மணிக்கு வரவேண்டிய ஆள் என் மகன். அவன் ஒரு வார்த்தைக்காக வந்த கோச், நான் பூட்டி வைத்த கோச்.

கதவு ஓரத்தைப் பார்த்தான். விரலால் தடவினான். ஆசாரி வீட்டில் பிறந்தவன், ஒரு நூல் அவன் விரலுக்குத் தெரியும். என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"சார், கதவுக்கு நேரா நிக்காதீக. சுவர் ஓரமாப் போங்க."

இரண்டு எட்டு பின்னால். வலது கால். ஒரே உதை. சட்டம் பிளந்து கதவு உள்ளே போய் விழுந்தது.

வின்சென்ட் துண்டோடு நின்றார். காதில் சோப்பு காய்ந்திருந்தது. சரவணனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் அவன் காலைப் பார்த்தார்.

"டேய், மரக்கால்."

பேர் ஞாபகம் இல்லை. கால் ஞாபகம் இருக்கிறது.

சரவணன் சிரித்தான். மனசார. எனக்குக் கொட்டாப்புளி கையிலேயே கனத்தது.

துண்டோடு நின்றபடியே கேரளாவுக்குப் போன் போட்டார். "எடுத்துக்கங்க. கணுக்காலா? இப்பத்தான் என் கண் முன்னாடி கதவை உடைச்சான். ஒரு வருசம் தாங்கும்." அப்புறம் மேனேஜரிடம்: "இந்த ஆசாரியை மாத்துங்க. அரை மணி நேரம் தட்டிக்கிட்டே இருந்தாரு."

வண்டியில் வரும்போது பின்னால் உட்கார்ந்து சரவணன் சொன்னான்: "அவரு சொன்னது நிசந்தான்ப்பா. இடது காலு மரந்தான். அதை வச்சுத்தான் பதினாலு வருசம் ஓட்டினேன்."

"ஊசி போட்டாரே."

"போடச் சொன்னது நான்."

மழையில் கண் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.

15 நவம்பர், சனி

வெயில். பாக்கியம் பாசிப்பருப்புப் பாயசம். அவளுக்குக் கதவு விசயம் தெரியாது.

நேற்று முழுக்க யோசித்தேன். ஊசியை அவனே கேட்டிருக்கலாம். கோச் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மைக்கில் பேசியது அப்படியேதான் இருக்கிறது. சரவணன் மன்னித்துவிட்டான். அது அவன் இஷ்டம். அவன் ஆட்டக்காரன், விசில் அடித்தால் ஆட்டம் முடிந்துவிடும். எனக்கு விசில் கிடையாது. ஆனால் அந்த ஆள் இப்போது என் மகனுக்கு நல்லது செய்து தொலைத்துவிட்டார். இனி எந்த முகத்தோடு திட்டுவது. பழி வாங்கப் போய் நன்றிக்கடன் பட்டவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

இந்த நோட்டைத் திறந்தால் பட்டியலுக்குக் கீழே சரவணன் கையெழுத்து:

7. அப்பா. கானாடுகாத்தான். கைப்பிடிக்கு ஒரே திருகாணி. மஞ்சள் அட்டை.

2 டிசம்பர், செவ்வாய்

மறுபடி தூறல். சரவணன் கேரளா போய்ப் பதினோரு நாள். கையெழுத்துப் போட்டாயிற்று. போட்டோ அனுப்பினான், பச்சை ஜெர்சி, இரண்டு கால் நடுவில் பந்து.

ஓட்டலில் என்னை மாற்றவில்லை. வேறு ஆசாரி கிடைக்கவில்லை. ஏழாம் நம்பருக்குப் புதுக் கதவு. மேனேஜர்: "நல்லாப் போடுங்க ஆசாரி. பொங்கலுக்கு அதே ரூமைக் கேட்டிருக்காரு வின்சென்ட் சார். பணியாரம் பிடிச்சுப் போச்சாம்."

கைப்பிடிக்கு நாலு திருகாணி. மகன் காட்டிய எச்சரிக்கை அட்டைக்கு மரியாதை.

என்ன மரம் என்று மேனேஜர் கேட்கவில்லை. மா.