மூன்று மணிக்கு ஏறி நாலரைக்கு இறங்குவது

அன்புள்ள அக்கா சத்யபிரியாவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை இசக்கிச்செல்வி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். சிங்கப்பூரில் நீயும் அத்தானும் பாப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று முதலில் கேட்கச் சொன்னாள். போனில் என்றால் அவள் அழுது அழுதே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறோம்.

மிளகாய் வற்றல் களத்தில் காய்கிறது, முந்தாநாள் ஒரு தூறல் விழுந்து எல்லாரும் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினோம். போன செவ்வாய்க்கிழமை சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்டு அப்பாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். கொடை முடியும்வரை சாமியாடுகிறவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பாப்பாவோடு தனியாக வருகிறேன், ஏர்போர்ட்டுக்கு யாராவது வாருங்கள் என்று நீ கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மூணு மணிக்கு ஏறி நாலரைக்கு மதுரையில எறங்குதா, இங்கனருந்து மதுரைக்கு பஸ்ஸே ரெண்டு மணி நேரம், இந்த ஒண்ணரை மணி நேரத்துக்கா மூணு வருசமா வராம இருந்தா என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் மனத்தாங்கல்தான். நேற்று நான் மெதுவாகச் சொன்னேன், அக்கா ஊர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, மூவாயிரம் கிலோமீட்டர் தூரம், வானத்தில் மட்டும் நாலு மணி நேரம் என்று. அப்பா சிரித்துக்கொண்டே, பத்தாவது முடிக்காதவ டிக்கெட்டு தப்புங்கா பாரு என்றார். அம்மா விடவில்லை, நாம வெயில்ல நின்னு போன் பேசும்போது அவளுக்கு அங்கன இருட்டியிருக்கே, அது எப்படிங்கேன் என்று கேட்டாள். அப்பா கையில் கட்டிய காப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நாலு மணி நேரமா, ஒத்தையிலயா என்றார். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. விடிந்ததும் அப்பாவே போய்த் தங்கச்சாமி அண்ணாச்சியின் காரை வாடகைக்குப் பேசிவிட்டார். காப்புக் கட்டியிருப்பதால் அப்பா வர முடியாது, அவருடைய விரதச் சமையலை விட்டு அம்மாவும் வர முடியாது, அதனால் நான் வருகிறேன்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாப்பாவுக்குப் பால் கொடுக்க வேண்டுமாம், காதில் பஞ்சு வைக்க வேண்டுமாம். ஊர் எல்லையில் காரை நிறுத்தச் சொல், அப்பா அங்கேயே நிற்பார். மூணு வருசம்னு சொன்னத மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு எழுதுட்டி என்று என்னிடம் சொன்னார், அம்மா சொன்னதாக எழுதச் சொன்னார்.

சுடலைமாடன் உன்னோடும் பிள்ளையோடும் துணையாக ஏறி வரட்டும். பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அம்மா சீனித்தாய்

அக்கா, இது நானாக எழுதுவது. அத்தனை கூட்டத்தில் உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வராது. மஞ்சள் சுடிதாரில் கம்பி ஓரமாக நிற்பேன். வெளியே வந்ததும் நீயே சத்தமாக, ஏட்டி செல்வி என்று கூப்பிட்டுவிடு.